மாட்டிய கருவியை இழுக்காதீர்கள்: சிறுநீரகக் கல் அறுவையில் கருவிச் சிக்கல்களைத் தவிர்க்கவும் சமாளிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

என் பெரியப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஊர் ஊராகப் போய்ப் பாறையைக் குடைந்து தண்ணீர் கண்டவர். ஆழத்தில் ராடு மாட்டிக்கொண்டால் புதிதாகச் சேர்ந்த பையன் முழு வேகத்தில் மேலே இழுக்கப் பார்ப்பான். "இழுத்தால் ராடு அறும், பிட்டு உள்ளே போகும், குழியும் போகும்" என்று பெரியப்பா அவன் கையைத் தட்டிவிடுவார். முதலில் நிறுத்துவார். கொஞ்சம் கீழே விடுவார். மெல்லச் சுற்றுவார். காற்றடித்துத் தூளை வெளியேற்றுவார். அதற்கப்புறம்தான் மேலே.

ஈரோடு மாவட்டத்து மருத்துவமனை ஒன்றின் அறுவை அரங்கத்தில் நான் தொழில்நுட்பராகச் சேர்ந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. கல் எடுக்கப் போன கருவி உள்ளே மாட்டும்போது நினைத்துக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே போனால் ஒரு குழி, இங்கே போனால் ஒருவருடைய சிறுநீர்க்குழாய்.

இந்த வழிகாட்டியைப் புதிதாக அரங்கத்துக்கு வரும் தொழில்நுட்பர்களுக்கும் செவிலியர்களுக்கும் எழுதுகிறேன். எங்கே வெட்டுவது, எப்போது விடுவது என்ற முடிவுகள் மருத்துவருடையவை. கருவியைத் தயார் செய்வதும், அது கெடப்போவதை முதலில் கண்டு வாய் திறப்பதும் நம் வேலை. அறுவைக்குப் போகிறவரின் வீட்டாரும் படிக்கலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் குறையும், கேட்கவேண்டிய கேள்வியும் தெரியும்.

எந்த அறுவை, என்ன கருவி

அதிர்வலை சிகிச்சையில் கருவி உடலுக்குள் போவதில்லை, அதை விட்டுவிடுவோம். மீதம் மூன்று. சிறுநீர் போகும் வழியாகவே ஏறி, சிறுநீர்க்குழாயில் உள்ள கல்லை உடைப்பது யூ.ஆர்.எஸ். வளையும் ஸ்கோப்பை (உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாய்க் கருவி) சிறுநீரகம் வரை கொண்டுபோவது ஆர்.ஐ.ஆர்.எஸ். முதுகுப்பக்கம் துளையிட்டு நேராகச் சிறுநீரகத்துக்குள் இறங்குவது பி.சி.என்.எல். 1976இல் ஸ்வீடன் மருத்துவர்கள் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும் இந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். பெரிய கல்லுக்கு இன்றும் இதுதான் முதல் தேர்வு.

கருவி அளவுகளை ஃபிரெஞ்சு என்ற அலகில் சொல்வார்கள். மூன்று ஃபிரெஞ்சு ஒரு மில்லிமீட்டர். வளையும் ஸ்கோப்பின் வேலைத்துளை பெரும்பாலும் 3.6 ஃபிரெஞ்சு, அதாவது 1.2 மி.மீ. கூடை (கல்லைப் பிடிக்கும் கம்பிக் கூடு), லேசர் ஃபைபர் (லேசர் ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடி இழை), சலைன் (கழுவும் உப்புநீர்) எல்லாம் அந்த ஊசித்துளை வழியாகத்தான் போகவேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல்கள் ஏன் வருகின்றன என்று விளங்கிவிடும்.

முதல் படி: நோயாளி மேசைக்கு வருவதற்கு முன்

பங்குனி பிறந்தால் எங்கள் பக்கம் கல் நோயாளிகள் கூடுவார்கள். வெயிலில் காடு தோட்டத்து வேலை, தறிக்கூடத்துப் புழுக்கம், குடிக்கும் தண்ணீர் குறைவு. ஒரே ஸ்கோப்பை வைத்துக்கொண்டு ஒரே நாளில் நான்கைந்து அறுவை நடக்கும். கருவிகள் கெடுவது பெரும்பாலும் மேசையில் என்று நினைக்கிறோம். என் கணக்கில் பாதி இந்த அவசரத்தில், கழுவும் தொட்டியில்தான் கெடுகின்றன.

கழிவுத்தண்ணீர் காய்வதற்குள் ஸ்கோப்பைக் கழுவுங்கள். கடைசி அலசலுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த கோவைக்காரர்களுக்கு இது விளங்காது. தாராபுரம், காங்கேயம் பக்கத்து உப்புத் தண்ணீரில் வாளி விளிம்பில் படியும் வெள்ளைப் படலம்தான் ஸ்கோப்பின் துளையிலும் திருகு மூட்டிலும் படியும். ஃபைபர் இறங்க மறுப்பதும் இடுக்கியின் வாய் இறுகுவதும் அதனால்தான். சுத்திகரித்த தண்ணீரில் அலசி, துளைக்குள் காற்று விட்டு உலர்த்துங்கள்.

அடுத்தது கசிவுச் சோதனை. ஒவ்வொரு அறுவைக்குப் பிறகும், கிருமிநாசினித் திரவத்தில் நனைக்கும் முன் செய்யவேண்டும். சோதனைக் கருவியை மாட்டி, தயாரிப்பாளர் சொன்ன அழுத்தத்துக்குக் காற்றேற்றி, ஸ்கோப்பைத் தண்ணீரில் முக்கி, நுனியை இருபக்கமும் வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது மூடியிருக்கும் ஓட்டை வளைக்கும்போதுதான் வாய் திறக்கும். தொடர்ந்து குமிழ் வந்தால் அந்த ஸ்கோப் பழுதுபார்க்கப் போகவேண்டும். "இந்த ஒரு கேஸ் மட்டும்" என்று சொல்லி உள்ளே விட்ட ஸ்கோப் நடுவில் இருண்டுபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

எரிவாயு அல்லது பிளாஸ்மா முறையில் கிருமி நீக்கும்போது ஸ்கோப்பின் காற்று மூடியை மாட்டவேண்டும். மாட்டாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று வெற்றிடத்தில் விரிந்து நுனி ரப்பரைக் கிழிக்கும். அதே மூடியைத் தண்ணீரில் முக்கும் முன் கழற்றவேண்டும். கழற்றாவிட்டால் உள்ளே தண்ணீர் இறங்கும். லட்சக்கணக்கில் விலை போட்ட ஸ்கோப் இந்தச் சிறு மூடியால் செத்துப்போகும். எங்கள் அரங்கில் மூடிக்கு ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறோம். நூல் தொங்கினால் தண்ணீருக்குப் போகக்கூடாது.

திரவத்தில் நனைக்கும் நேரத்தில் சுருக்குவழி கிடையாது. 0.55 சதவீத ஆர்த்தோ தாலால்டிஹைடு என்றால் 20 டிகிரியில் குறைந்தது 12 நிமிடம், பிறகு தாராளமாக அலசல். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தவருக்குப் பயன்படுத்தும் கருவியை அந்தத் திரவத்தில் நனைக்கக்கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். மீண்டும் மீண்டும் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குக் கடும் ஒவ்வாமை வந்திருக்கிறது. நனைப்பது உயர்நிலைக் கிருமி நீக்கம் மட்டுமே, முழுக் கிருமி ஒழிப்பல்ல. வசதி இருந்தால் சிறுநீரகம் வரை போகும் ஸ்கோப்பைப் பிளாஸ்மா முறைக்கு அனுப்புவதுதான் நல்லது.

கூடையை வெளியிலேயே இரண்டு முறை திறந்து மூடிப் பாருங்கள். கம்பிகள் சமமாக விரிகின்றனவா, ஒன்று மட்டும் சாய்கிறதா? இடுக்கியின் தாடை ஆணியில் விரிசல் உண்டா? கைடுவயரில் (கருவிக்கு வழிகாட்டும் கம்பி) மடிப்பு உண்டா? மடிந்த கைடுவயரை நீவிவிட்டுப் பயன்படுத்தாதீர்கள். மடிந்த இடத்தில்தான் அது மறுபடியும் மடியும், அதுவும் உள்ளே.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கூடை, ஃபைபர், கைடுவயர் எல்லாம் ஒருமுறைப் பயன்பாட்டுக்கு என்று அச்சிட்டே வருகின்றன. செலவைக் குறைக்க மறுமுறை பயன்படுத்துவது நம் ஊர்களில் நடக்கிறது. அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஒவ்வொரு முறை கிருமி நீக்கும்போதும் கூடையின் பற்றவைப்பு பலவீனப்படுகிறது, அது கண்ணுக்குத் தெரிவதில்லை. கூடையில் சேமித்த காசு ஒருமுறை உடைந்த துண்டைத் தேடுவதிலேயே போய்விடும். உடையக்கூடிய எதுவானாலும் இரண்டு இருக்கவேண்டும்; இரண்டாவது பிரிக்காத உறையில், கைக்கெட்டும் தூரத்தில்.

சிறுநீர்க் கல்ச்சர் (கிருமிச் சோதனை) முடிவு வந்துவிட்டதா என்று பார்ப்பதும் கருவித் தயாரிப்பின் பகுதிதான். சீழ் தேங்கிய சிறுநீரகத்துக்குள் சலைனை அழுத்தி ஏற்றினால் கிருமி நேராக ரத்தத்துக்குப் போகும். ஸ்கோப் ஏறியதும் கலங்கலாகச் சீழ் வந்தால் மருத்துவர் அன்றைக்குக் கல்லைத் தொடமாட்டார். ஸ்டென்ட் (சிறுநீர் வடியக் குழாய்க்குள் விட்டுவைக்கும் மெல்லிய குழல்) வைத்து வடியவிட்டு, தொற்று அடங்கியபின் கூப்பிடுவார்.

இரண்டாம் படி: மேசையைச் சுற்றி

கால் மிதிகளைக் கவனியுங்கள். சி-ஆர்ம் எக்ஸ்ரேக்கு ஒன்று, லேசருக்கு ஒன்று. இருட்டில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். படம் எடுப்பதாக நினைத்து லேசரை மிதித்தால், ஃபைபர் ஸ்கோப்புக்குள் இருக்கும் நேரமாகப் பார்த்து அது நடந்தால், ஸ்கோப் அந்தக் கணமே போச்சு. லேசர் மிதியை மருத்துவரின் வலது காலுக்கு, சி-ஆர்ம் மிதியை இடது காலுக்கு என்று அரங்குக்கு ஒரு வழக்கம் வையுங்கள். எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை, தினமும் மாறாமல் இருந்தால் போதும்.

சுடாத நேரம் முழுவதும் லேசர் காத்திருப்பு நிலையில் இருக்கவேண்டும். மருத்துவர் கேட்டால் மட்டும் தயார் நிலை, அதையும் வாய்விட்டுச் சொல்லி மாற்றவேண்டும். லேசர் பாதுகாப்புக் கண்ணாடி எல்லாருக்கும். மின்வெட்டு வந்து போனால் லேசர் அமைப்பு பழைய எண்ணுக்கோ தொழிற்சாலை எண்ணுக்கோ திரும்பியிருக்கலாம். மறுபடி சுடும் முன் எண்களை உரக்கப் படியுங்கள். கேமராவும் ஒளி மூலமும் யூ.பி.எஸ். இணைப்பில் இருக்கட்டும். திரை இருண்ட ஸ்கோப்பை அசைக்கக்கூடாது.

இன்னொரு விஷயம் கருவி சம்பந்தப்பட்டதல்ல, ஆனால் எல்லாக் கருவியையும்விட முக்கியம். கொங்கு நாட்டில் எதற்கும் ஒரு "ங்க" போட்டுப் பேசிப் பழகியவர்கள் நாம். எதிரே நிற்பவர் டாக்டர். அவரிடம் "நிறுத்துங்கள்" என்று சொல்ல நாக்கு எழாது. "சார், ஒரு நிமிடம் பார்க்கலாமா..." என்று இழுப்போம். அதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஆகவே அறுவை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: யார் "நிறுத்து" என்றாலும் கை நிற்கும், காரணம் பிறகு கேட்கப்படும். எங்கள் மருத்துவர் இதை ஏற்றுக்கொண்டதோடு, தினமும் காலையில் அவரே நினைவூட்டுகிறார்.

மூன்றாம் படி: கைடுவயர்

எல்லாக் கருவிக்கும் தண்டவாளம் கைடுவயர்தான். பெரும்பாலும் 0.035 அல்லது 0.038 அங்குலம், 150 செ.மீ. நீளம். ஒன்று வேலைக்கு, இன்னொன்று பாதுகாப்புக்கு. பாதுகாப்பு வயரைச் சிறுநீரகம் வரை ஏற்றி, துணியோடு பிடித்து வைத்துவிட்டால், என்ன கெட்டாலும் அதன்மேல் ஒரு ஸ்டென்ட் ஏற்றி வெளியே வந்துவிடலாம். அது வழுக்கி வெளியே வராமல் பார்த்துக்கொள்வது மேசையோரம் நிற்கும் நம் கை.

வழுவழுப்பான நீரொட்டும் வயர் இடுக்கில் நுழைய அருமையானது, நழுவி வெளியே வருவதிலும் அதேபோல. ஈரம் காய்ந்தால் ஒட்டும். உலோக ஊசிக்குள் போன பிறகு அதைப் பின்னோக்கி இழுத்தால் ஊசியின் கூர்விளிம்பு மேல்பூச்சைச் சீவிவிடும், சீவல் உள்ளே தங்கும். எடுக்கவேண்டுமானால் ஊசியோடு சேர்த்து எடுக்கவேண்டும்.

வயர் ஏறும்போது தடை இருந்தால் அழுத்தாதீர்கள். எக்ஸ்ரேயில் சுருண்டு நின்றாலோ, குழாயின் கோட்டை விட்டு விலகினாலோ, சுவருக்குள் புகுந்துவிட்டது என்று பொருள். அந்த வயர்மேல் எதையும் ஏற்றக்கூடாது.

நான்காம் படி: ஸ்கோப்பும் ஷீத்தும்

நேரான ஸ்கோப்பை வளைத்தால் திரையில் படம் பிறை நிலாவாகத் தெரியும். அந்தப் பிறை ஓர் எச்சரிக்கை: நெம்புகோலாகப் பயன்படுத்துகிறீர்கள். குழாய்க்கும் கேடு, ஸ்கோப்புக்கும் கேடு. நுனிக்கு முன்னால் பாதை தெரியாமல் ஓர் அங்குலம்கூட முன்னேறக்கூடாது.

அணுகு ஷீத் எனப்படும் உறைக்குழாய் ஆர்.ஐ.ஆர்.எஸ்.க்கு வசதி. ஸ்கோப்பைக் காப்பாற்றும், உள்ளழுத்தத்தைக் குறைக்கும். அதை ஏற்றுவதில்தான் ஆபத்து. 2013இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில், ஷீத் வைத்த 359 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் குழாய்ச் சுவரில் ஏதாவதொரு காயம் இருந்தது. தசை வரை போன காயம் 13 சதவீதம் பேருக்கு. முன்கூட்டியே ஸ்டென்ட் வைத்திருந்தவர்களுக்கு அது மிகக் குறைவு. ஷீத் இறுக்கமாக இருந்தால் சிறிய அளவுக்கு மாறலாம், ஷீத் இல்லாமல் போகலாம், அல்லது ஸ்டென்ட் வைத்து ஓரிரு வாரம் கழித்து வரலாம். அதற்குள் குழாய் தானே விரிந்து கொடுக்கும். "இரண்டாவது முறையா?" என்று குடும்பத்தார் முகம் சுளிப்பார்கள். அறுவைக்கு முன்பே சொல்லிவைத்தால் சுளிக்கமாட்டார்கள்.

சலைன் வேகம் இன்னொரு கண்ணி. படம் தெளிவாக வேண்டும் என்று உதவியாளர் கையால் சிரிஞ்சை அழுத்துவார். சிறுநீரகத்துக்குள் அழுத்தம் 30 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் திரவம் ரத்த நாளங்களுக்குள் பின்னேறத் தொடங்கும். அறுவை முடிந்த மாலையில் நடுக்கமும் காய்ச்சலும் வருவதற்கு ஆட்டுக்கல் போல அழுத்திய அந்தக் கையும் ஒரு காரணமாக இருக்கும்.

ஐந்தாம் படி: லேசர்

ஹோல்மியம் லேசரின் அலைநீளம் 2100 நானோமீட்டர், துலியம் ஃபைபர் லேசருக்கு 1940. இரண்டையும் தண்ணீர் விழுங்கிக்கொள்ளும். அதனால்தான் கல்லைத் தொட்டால் உடைக்கிறது, சற்று விலகினால் சுவர் தப்பிக்கிறது. விழுங்கிய வெப்பம் எங்கேயாவது போகவேண்டுமே. ஒரு துடிப்பின் ஆற்றலை (ஜூல்) நொடிக்கு எத்தனை துடிப்பு (ஹெர்ட்ஸ்) என்பதால் பெருக்கினால் வாட். 0.5 ஜூல், 20 ஹெர்ட்ஸ் என்றால் 10 வாட். வாட்டைக் கூட்டினால் சலைன் ஓட்டமும் இருக்கவேண்டும், இடையிடையே காலை எடுக்கவேண்டும். சலைன் பாட்டில் தீர்ந்ததைக் கவனிக்காமல் சுட்டால் உள்ளே தண்ணீர் சுடும், குழாய் வேகும், பல மாதம் கழித்துச் சுருங்கும். பாட்டிலைக் கவனிப்பது கடைநிலை வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வளையும் ஸ்கோப்பில் ஃபைபரை ஏற்றும்போது நுனி நேராக இருக்கவேண்டும். வளைந்த நிலையில் தள்ளினால் கண்ணாடி நுனி துளையின் சுவரைக் குத்தும். வளைவில் ஃபைபர் முறிந்தால் ஒளி முறிந்த இடத்தில் கொட்டி ஸ்கோப்பை உள்ளிருந்து பொசுக்கும். நுனி 2, 3 மி.மீ. வெளியே தெரிந்த பிறகே சுடவேண்டும். வழிகாட்டும் ஒளிப்புள்ளி திரையில் மங்கினாலோ மறைந்தாலோ ஃபைபர் எங்கோ முறிந்திருக்கிறது. இந்தப் புள்ளியைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் கண்ணை ஒதுக்கலாம்.

காற்றழுத்த உடைப்பானில் வெப்பம் இல்லை, விலையும் குறைவு. ஆனால் கல் எம்பி மேலே ஓடிவிடும். சலைனைக் குறைத்து, தலைப்பக்கம் மேசையை உயர்த்தினால் ஓட்டம் கொஞ்சம் மட்டுப்படும்.

ஆறாம் படி: கூடை மாட்டினால்

இதற்குத்தான் இத்தனை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தறித் தொழிலாளிக்குச் சிறுநீர்க்குழாய்க் கல். உடைத்தாயிற்று, ஒரு துண்டு பெரிதாக இருந்தது. கூடையில் பிடித்து இறக்கினார்கள். நடுவழியில் கை கனத்தது. திரையில் ஒரு காட்சியைக் கண்டேன்: ஸ்கோப் இறங்க, குழாயின் உட்சுவரும் சட்டைக் கை போலச் சேர்ந்து இறங்கியது. அது தவறு என்று எனக்குத் தெரியும். வாயில் "சார்" வரை வந்தது, மீதி வரவில்லை. பத்து நொடி இருக்கும். அதற்குள் உட்சுவர் கிழிந்தது. முழுதாக அறவில்லை, ஆறு வாரம் ஸ்டென்டோடு தப்பினார். அந்தப் பத்து நொடிக்குப் பிறகுதான் "நிறுத்து" ஏற்பாடே எங்கள் அரங்குக்கு வந்தது.

சுவர் கருவியோடு சேர்ந்து நகர்ந்தால் உடனே செய்யவேண்டியவை, இந்த வரிசையில்:

1. நிறுத்து. கை விலகட்டும். மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். தசை தளர்ந்தால் குழாயின் இறுக்கமும் ஓரளவு தளரும்.

2. கீழே இழுக்காமல் மேலே தள்ளுங்கள். கல் மாட்டிய இடத்தைவிட மேலே குழாய் அகலமாக இருக்கும், முடிந்தால் சிறுநீரகம் வரை.

3. அகலமான இடத்தில் கூடையைத் திறந்து, சற்று முன்தள்ளி, மெல்லச் சுற்றிக் கல்லை விடுவியுங்கள்.

4. கூடை திறக்கவில்லை என்றால் கைப்பிடியைக் கழற்றவேண்டும். பல கூடைகளில் திருகு இருக்கும், இல்லாதவற்றில் கம்பியை வெட்டவேண்டும். எந்தக் கூடைக்கு எது என்பதை அறுவை நாளில் தேடாதீர்கள். பழைய கூடையொன்றை மேசையில் வைத்துக் கழற்றிப் பழகுங்கள். கைப்பிடி போனதும் கூடைக் கம்பி உள்ளேயே இருக்க, ஸ்கோப் மட்டும் வெளியே வரும்.

5. பாதுகாப்பு வயரின் துணையோடு ஸ்கோப்பைக் கூடைக்கு அருகில் மறுபடி ஏற்றி, கூடைக்குள் இருக்கும் கல்லை லேசரால் உடைப்பார்கள். லேசர் கூடைக் கம்பியையும் அறுக்கும். அறுந்தால் துண்டு எத்தனை என்று எண்ணவேண்டும்.

6. இதுவும் நடக்காவிட்டால் ஸ்டென்டோ முதுகுவழிக் குழாயோ வைத்துச் சிறுநீரை வடியவிட்டு, கம்பியை வெளியே பத்திரப்படுத்தி, இன்னொரு நாள் வருவது தோல்வியாகாது.

திரையில் பார்க்காமல் எக்ஸ்ரேயை மட்டும் நம்பிக் கூடை போடுவதும், குழாயின் மேல்பகுதியில் பெரிய கல்லை முழுதாகக் கூடையில் இழுப்பதும்தான் குழாய் அறுவதற்கு வழக்கமான காரணங்கள். அறுந்தால் சிறுநீரகத்தை முதுகுவழிக் குழாயால் உடனே காப்பாற்றி, மறுசீரமைப்பில் அனுபவமுள்ளவர்களைக் கூப்பிடவேண்டும். கீழ்ப்பகுதி என்றால் சிறுநீர்ப்பையோடு மறுபடி இணைப்பது எளிது. மேலே போகப் போக, சிறுநீர்ப்பைச் சுவரை மடித்துக் குழாயாக்குவது, குடல் துண்டை இடையில் வைப்பது, சிறுநீரகத்தையே இடுப்புக்கு இடம் மாற்றுவது என்று அறுவை பெரிதாகும்.

ஸ்கோப்பே குழாயில் இறுகிக்கொண்டாலும் இதே வழிதான்: நிறுத்து, மயக்கத்தை ஆழமாக்கு, காத்திரு, இடமும் வலமுமாக மில்லிமீட்டர் கணக்கில் சுற்று. வளையும் ஸ்கோப்பின் நுனி வளைந்தபடியே பூட்டிக்கொண்டால் சிறுநீரகத்துக்குள்ளேயே வைத்து எக்ஸ்ரேயில் பாருங்கள். துளையில் கடினமான வயர் ஏற்றினால் சில சமயம் நிமிரும். இல்லையென்றால் தயாரிப்பாளரின் வழிமுறைப்படி கைப்பிடியைத் திறந்து இழுவைக் கம்பியை விடுவிக்கவேண்டும். கொக்கி போல வளைந்ததை அப்படியே கீழே இறக்கினால் மேலே சொன்னதெல்லாம் நடக்கும்.

ஏழாம் படி: முதுகுவழி அறுவையில்

18 கேஜ் ஊசி, அதன் வழியே வயர், வயர்மேல் விரிப்பான்கள், கடைசியில் உறைக்குழாய். விரிப்பானைத் தள்ளும்போது சிறுநீரக உறையருகில் வயர் மடிந்தால், விரிப்பான் வயரை விட்டுவிட்டுத் தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொள்ளும். ஒவ்வொரு தள்ளலும் சி-ஆர்ம் பார்வையில் நடக்கவேண்டும், வயரின் வெளிமுனை நம் கையில் விறைப்பாக இருக்கவேண்டும். வயர் சிறுநீர்க்குழாய்க்குள் இறங்கியிருந்தால் பாதி கவலை தீர்ந்தது.

உறையின் முனை தேய்ந்து பிசிறு இருந்தால் பிளாஸ்டிக் சீவல் உள்ளே விழும், எக்ஸ்ரேயில் தெரியாது. விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். கல் எட்டவில்லை என்று நேரான ஸ்கோப்பை நெம்பினால் சிறுநீரகக் கிண்ணத்தின் கழுத்துக் கிழிந்து ரத்தம் கொட்டும், ஸ்கோப்பும் வளையும். வேறு துளை போடுவதோ வளையும் ஸ்கோப்பைக் கேட்பதோ மேல். உறையைவிடப் பெரிய கல்லை இடுக்கியால் முறுக்காதீர்கள்; தாடை ஆணி தெறிக்கும்.

ரத்தம் திரையை மறைத்தால் தொடரக்கூடாது. குழாய் வைத்து மூடி, உள்ளே ரத்தம் கட்டி அழுத்தம் தரக் காத்திருப்பார்கள். நிற்காவிட்டால் ரத்தக் குழாய்க்குள் அடைப்புச் செய்யும் வசதி எந்த மருத்துவமனையில் இருக்கிறது, அங்கே போக எத்தனை நிமிடம் என்பதை முன்பே எழுதி ஒட்டிவையுங்கள். கழுவும் திரவம் நார்மல் சலைன் மட்டுமே. வெறும் தண்ணீர் ரத்த அணுக்களை உடைக்கும். உள்ளே போனது எவ்வளவு, வாளிக்கு வந்தது எவ்வளவு என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.

எட்டாம் படி: துண்டு உடைந்து விழுந்தால்

முதலில் சலைனை நிறுத்துங்கள். ஓட்டத்தில் துண்டு ஓடிவிடும். திரையில் அதைப் பார்வையிலிருந்து விடாதீர்கள். உடனே ஓர் எக்ஸ்ரே. உடைந்த கருவியை அதன் இரட்டைப் பிறவியோடு அருகருகே வைத்து, குறைவது எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள். எடுத்த துண்டுகளை வெள்ளைத் துணியில் சேர்த்துப் பொருத்திப் பார்த்த பிறகே "எல்லாம் வந்துவிட்டது" என்ற சொல் வரவேண்டும்.

எட்டாத இடத்தில் துண்டு இருந்தால் ஸ்டென்ட் வைத்து நிறுத்தி, சி.டி. எடுத்துத் திட்டமிடலாம். உள்ளே தங்கிவிட்டால் நோயாளிக்கு அன்றே சொல்லவேண்டும், வெளியேற்றச் சீட்டில் எழுதவேண்டும். உலோகம் என்றால் பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுப்பவருக்கு அது தெரியவேண்டும்.

உடைந்த கருவியைக் குப்பையில் போடாதீர்கள். தொகுதி எண் உள்ள உறையோடு எடுத்துவையுங்கள். மருத்துவக் கருவிகளால் வரும் கேடுகளைப் பதிவுசெய்ய 2015 முதல் இந்திய மருந்தியல் தொகுப்பு ஆணையத்தின் கீழ் ஒரு தேசியத் திட்டம் இயங்குகிறது. செவிலியரும் தொழில்நுட்பரும்கூட அதில் தெரிவிக்கலாம். யாரையும் மாட்டிவிடும் புகார்ப் பெட்டியல்ல அது. அதே தொகுதிக் கூடை தாராபுரத்திலும் உடைந்திருக்கலாம் அல்லவா?

ஒன்பதாம் படி: ஸ்டென்ட் பதிவேடு

அறுவை முடிந்ததும் வயர் எத்தனை, கூடை எத்தனை, ஊசி எத்தனை என்று எண்ணுவோம். உள்ளே விட்டுவந்த ஸ்டென்டை யாரும் எண்ணுவதில்லை. வலி போனதும் நோயாளியும் மறந்துவிடுவார். மாதங்கள் போகப் போக அதன்மேல் கல் படியும். மறந்துபோன ஸ்டென்டைப் படம் எடுக்காமல் இழுத்தால் முறியும், அல்லது குழாயைக் கூடவே இழுத்துவரும். படிந்த கல்லை இரு முனையிலும் உடைத்த பிறகே எடுக்கவேண்டும். ஒரு கல்லுக்கு வந்தவருக்கு மூன்று அறுவை.

எங்கள் பதிவேட்டில் பெயர், வைத்த நாள், எடுக்கவேண்டிய நாள், இரண்டு கைப்பேசி எண்கள். இரண்டாவது எண் வீட்டில் இருக்கும் வேறொருவருடையது. மருத்துவர் சொன்ன நாள் பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் வரும். சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து நான் கூப்பிடுவேன். மஞ்சள் வெட்டு முடியட்டும் என்பார்கள். பண்ணாரி கோயில் குண்டம் (தீமிதி) முடிந்து வருகிறேன் என்பார்கள். "குண்டம் முடிந்த மறுநாள் புதன், காலை எட்டு மணி, வெறும் வயிற்றோடு வாருங்கள்" என்று நாளைக் குறித்துவிட்டு, அந்த இரண்டாவது எண்ணுக்கும் ஒருமுறை அடிப்பேன்.